பார்க்காமலே எண்ணப்பட்ட செல்

கேள்வி இது: "என் தம்பிக்கு ரத்தப் புற்றுநோய். என்னுடைய ஸ்டெம் செல்களை எடுத்து அவனுக்கு ஏற்றினார்கள். பையில் இருந்ததைப் பார்த்தால் சாதாரண ரத்தம் மாதிரிதான் இருந்தது. 'இதில் ஸ்டெம் செல் எது, மைக்ராஸ்கோப்பில் ஒன்றைக் காட்டுங்களேன்' என்று டாக்டரிடம் கேட்டேன். 'பார்த்துச் சொல்ல முடியாதும்மா' என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். பார்த்துச் சொல்ல முடியாத ஒன்றை முதலில் யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள்?"

டாக்டர் உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை. அவர் சொன்னது அப்படியே உண்மை. ரத்தவியல் ஆய்வகத்தில் பல வருடம் ஸ்லைடு பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எலும்பு மஜ்ஜையைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றிப் பார்த்தால் சிவப்பணு ஆகப்போவது எது, வெள்ளையணு ஆகப்போவது எது, தட்டணுக்களை உதிர்க்கும் பெரிய செல் எது என்று பழகிய கண் சொல்லிவிடும். இவற்றுக்கெல்லாம் தாயான செல்லை மட்டும் சொல்ல முடியாது. உருண்டையான உட்கரு, அதைச் சுற்றி மெல்லிய விளிம்பு, அவ்வளவுதான். பக்கத்தில் கிடக்கும் லிம்போசைட் என்ற சின்ன வெள்ளையணுவுக்கும் அதற்கும் தோற்றத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். போதாததற்கு, மஜ்ஜையில் பல்லாயிரம் செல்லுக்கு ஒன்று இருந்தால் அதிகம்.

அப்படிப்பட்ட ஒன்று இருக்க வேண்டும் என்ற யோசனை பழையது. ரஷ்யாவில் அலெக்சாண்டர் மாக்சிமோவ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, எல்லா ரத்த அணுக்களும் ஒரே மூல செல்லிலிருந்து வருகின்றன என்று எழுதினார். வேறு பலர், ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி மூலம் உண்டு என்றார்கள். இரண்டு கட்சியும் ஒரே மாதிரி ஸ்லைடுகளைத்தான் பார்த்தன. பார்த்துப் பார்த்து ஐம்பது வருடம் சண்டை போட்டும் தீரவில்லை. பார்வையால் தீரக்கூடிய வழக்காக அது இருந்தால்தானே!

வழக்கின் திசையை மாற்றியது அணுகுண்டு. 1945இல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டுவெடிப்புக்குத் தப்பிய பலர் சில வாரம் கழித்து ரத்தக்கசிவாலும் தொற்றாலும் இறந்தார்கள். கதிர்வீச்சு அவர்களுடைய மஜ்ஜையை அழித்திருந்தது. அதற்குப் பிறகு எலிகளைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, எப்படிக் காப்பாற்றலாம் என்று பார்க்கும் ஆராய்ச்சி பல நாடுகளில் வேகம் பிடித்தது. சிகாகோவில் லியோன் ஜேக்கப்சன் எலியின் மண்ணீரலை மட்டும் ஈயத்தால் மறைத்துவிட்டு மற்ற உடம்பு முழுவதும் கதிர்வீச்சைப் பாய்ச்சினார். எலி பிழைத்தது. 1951இல் எகோன் லோரென்ஸ் குழு, இன்னொரு எலியின் மஜ்ஜையை ஊசியில் ஏற்றினாலே போதும், எலி பிழைக்கிறது என்று காட்டியது. காப்பாற்றுவது மஜ்ஜையிலிருந்து வரும் ஏதோ ஒரு ரசாயனமா, செல்களேதானா என்று அடுத்த சண்டை. 1956இல் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் சார்லஸ் ஃபோர்டும் சகாக்களும், பிழைத்த எலியின் மஜ்ஜையில் கொடையாளி எலியின் அடையாளக் குரோமோசோமைக் கண்டார்கள். ஆக, செல்கள்தான். ஆனால் எந்தச் செல்? ஏற்றிய மஜ்ஜையில் கோடிக்கணக்கில் செல்கள் இருக்கின்றனவே, அதில் எத்தனை செல் இந்த வேலையைச் செய்கிறது?

இங்கேதான் கனடாவின் டொரோண்டோ வருகிறது.

எர்னஸ்ட் மெக்கல்லக், ஜேம்ஸ் டில் என்று இரண்டு பேர். மெக்கல்லக் 1926இல் டொரோண்டோவிலேயே பிறந்தவர், ரத்தவியல் மருத்துவர். கூட இருந்தவர்கள் எல்லோரும் அவரை 'பன்' என்றுதான் கூப்பிடுவார்கள். குள்ளமான, கொஞ்சம் பருத்த உருவம், கசங்கிய உடை, எங்கெங்கோ தாவும் மூளை. டில் 1931இல் மேற்குக் கனடாவின் லாய்ட்மின்ஸ்டர் என்ற ஊரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். உயரம், ஒல்லி, நிதானம். படித்தது இயற்பியல். சஸ்காட்செவனில் கோபால்ட்-60 கதிர்வீச்சுச் சிகிச்சையைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவரான ஹெரால்ட் ஜான்ஸிடம் பயின்று, யேல் பல்கலைக்கழகத்தில் உயிர் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1957 வாக்கில் இருவரும் டொரோண்டோவில் புதிதாகத் தொடங்கிய ஒன்டாரியோ புற்றுநோய் நிறுவனத்தில் சேர்ந்தார்கள். பிரின்சஸ் மார்கரெட் மருத்துவமனையோடு சேர்ந்த ஆய்வுப்பிரிவு அது. ஒருவர் மருத்துவர், ஒருவர் இயற்பியலாளர். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இது ஒட்டாத ஜோடியாகத்தான் தெரிந்திருக்கும்.

அவர்கள் ஸ்டெம் செல்லைத் தேடிப் புறப்படவில்லை. அவர்கள் கேள்வி சாதாரணமானது: புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது சாதாரண மஜ்ஜை செல்கள் எவ்வளவு தாங்கும்? ஆய்வகத் தட்டில் வளர்த்த புற்று செல்களுக்கு இந்தக் கணக்கை ஏற்கெனவே வேறு சிலர் போட்டிருந்தார்கள். உயிருள்ள விலங்கின் இயல்பான மஜ்ஜைக்குப் போட வழியில்லாமல் இருந்தது. எனவே எலிகளைக் கொல்லக்கூடிய அளவு கதிர்வீச்சுக்கு உட்படுத்தினார்கள். அப்புறம் வெவ்வேறு எண்ணிக்கையில் மஜ்ஜை செல்களை ஏற்றினார்கள். எத்தனை செல் ஏற்றினால் எத்தனை எலி பிழைக்கிறது என்று பார்ப்பதுதான் அந்தக் காலத்து வழக்கமான முறை.

1960இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எலிகளுக்கு மஜ்ஜை ஏற்றிப் பத்து நாள் ஆகியிருந்தது. மெக்கல்லக் ஆய்வகத்துக்கு வந்து சில எலிகளை அறுத்துப் பார்த்தார். மண்ணீரலின் மேல் சின்னச் சின்னப் புடைப்புகள். மற்றவர் என்றால் 'மண்ணீரலில் புடைப்புகள்' என்று நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த எலிக்குப் போயிருக்கலாம். மெக்கல்லக் எண்ணினார். ஒவ்வொரு எலியிலும் எத்தனை புடைப்பு, அந்த எலிக்கு ஏற்றியது எத்தனை செல் என்று கிராஃப் தாளில் புள்ளி வைத்தார். புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தன. இரண்டு மடங்கு செல் ஏற்றினால் இரண்டு மடங்கு புடைப்பு. கணக்குப் பார்த்தால் சுமார் 10,000 மஜ்ஜை செல்லுக்கு ஒரு புடைப்பு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், விஷயமே இங்கேதான் இருக்கிறது. அந்த நேர்கோட்டுக்கு என்ன அர்த்தம்? ஒரு புடைப்பு உண்டாக இரண்டு செல்கள் ஒன்றுசேர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது செல்களை இரட்டித்தால் புடைப்புகள் நான்கு மடங்காகும், கோடு வளைந்துவிடும். கோடு வளையவில்லை என்றால் ஒவ்வொரு புடைப்புக்கும் ஒரே ஒரு வித்து இருந்தால் போதும் என்று ஆகிறது. இது இயற்பியல்காரர் மூளைக்குச் சட்டென்று பிடிபடுகிற விஷயம், டில்லுக்குப் பிடிபட்டது. அதுவரை யாரும் கண்ணால் பிரித்தறியாத ஒரு செல்லை இப்போது எண்ண முடிந்தது. மாமரத்தின் விதை எப்படியிருக்கும் என்றே தெரியாத ஒருவர், மண்ணைப் பத்துக் கூடையாகப் பிரித்துக் கொட்டி, எந்தெந்தக் கூடையில் எத்தனை கன்று முளைத்தது என்று எண்ணி, மண்ணில் எத்தனை விதை இருந்தது என்று சொல்வது மாதிரி.

எலி மண்ணீரல் புடைப்பை நானும் எண்ணியிருக்கிறேன். பூயின் கரைசல் என்று ஒன்று உண்டு, அதில் பிக்ரிக் அமிலம் இருக்கும். மண்ணீரலை அதில் ஊறப்போட்டால் மஞ்சள் பூசினது போல் ஆகிவிடும், புடைப்புகள் வெளிறிய குமிழாகத் துருத்திக்கொண்டு தெரியும். எண்ணுவதற்கு ஒரு லென்ஸ் போதும். கை முழுக்க மஞ்சள் கறை, அது இரண்டு நாளைக்குப் போகாது. கோடிக்கணக்கில் பணம் போட்டு மெஷின் வாங்கும் இன்றைய ஆய்வகத்திலிருந்து யோசித்தால், இவ்வளவு பெரிய விஷயம் இவ்வளவு மலிவான கருவிகளில் நடந்தது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

1961 பிப்ரவரியில் கட்டுரை வந்தது, கதிர்வீச்சு ஆராய்ச்சிக்கான பத்திரிகை ஒன்றில். தலைப்பு மஜ்ஜை செல்களின் கதிர்வீச்சு உணர்திறனை நேரடியாக அளப்பது பற்றியது. 'ஸ்டெம் செல் கண்டுபிடித்துவிட்டோம்' என்ற முழக்கமெல்லாம் தலைப்பில் கிடையாது. உயிரியல்காரர்களில் ரொம்பப் பேர் அதை அப்போது படிக்கவேயில்லை. அந்த அடக்கம் வெறும் பணிவும் அல்ல. நேர்கோடு மட்டும் போதாது என்று அவர்களுக்கே தெரியும். நான்கைந்து செல் ஒட்டிக்கொண்ட கொத்து ஒன்று ஒரு புடைப்பை உண்டாக்கினாலும் கோடு நேராகத்தானே வரும்? அதனால்தான் பின்னாலும் அதைச் 'செல்' என்று சொல்லாமல் 'காலனி உண்டாக்கும் அலகு' என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

சந்தேகத்தைத் தீர்த்தவர் ஆண்டி பெக்கர் என்ற மாணவர். அவர் செய்த தந்திரம் அழகானது. மஜ்ஜை செல்களை அளவான கதிர்வீச்சுக்கு உட்படுத்தினால் சிலவற்றில் குரோமோசோம் உடைந்து தாறுமாறாக ஒட்டிக்கொள்ளும், ஆனாலும் செல் பிழைத்திருக்கும். அப்படி உடைவது ஒவ்வொரு செல்லிலும் ஒவ்வொரு மாதிரி. கைரேகை மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். அந்தத் தழும்புள்ள செல்லிலிருந்து ஒரு புடைப்பு வளர்ந்தால், புடைப்பில் உள்ள செல்கள் அத்தனையிலும் அதே தழும்பு இருக்க வேண்டும். இருந்தது. அதே புடைப்புக்குள் சிவப்பணு வரிசையும் இருந்தது, வெள்ளையணு வரிசையும் இருந்தது, தட்டணுக்களைத் தரும் பெரிய செல்களும் இருந்தன. 1963இல் 'நேச்சர்' வெளியிட்டது. மாக்சிமோவ் கட்சி ஜெயித்தது என்று சொல்லலாம், ஜெயித்தது மட்டும் மைக்ராஸ்கோப் வழியாக இல்லை.

அதே வருடம் லூ சிமினோவிச்சோடு சேர்ந்து அடுத்த கேள்விக்குப் போனார்கள். ஒரு செல் பல வகையாக மாறுவது மட்டும் போதாது. தன்னைப் போலவே இன்னொன்றையும் உண்டாக்க வேண்டும், இல்லாவிட்டால் சேமிப்பு ஒருநாள் தீர்ந்துவிடும். ஒவ்வொரு புடைப்பையும் தனித்தனியாக வெட்டியெடுத்து, கரைத்து, புதிய எலிகளில் ஏற்றினார்கள். புதிய புடைப்புகள் வந்தன. ஆக, தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் சக்தியும் இருக்கிறது. ஆனால் எண்ணிக்கை கன்னாபின்னாவென்று இருந்தது. சில புடைப்புகளில் அடுத்த தலைமுறை வித்து ஏராளம், பலவற்றில் ஒன்றிரண்டு அல்லது ஒன்றுமே இல்லை. சோதனைப் பிழை என்று ஒதுக்கியிருக்கலாம். டில் ஒதுக்கவில்லை. 1964இல் மூவரும் எழுதிய கட்டுரை, ஸ்டெம் செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் பகடை உருட்டுவது போல ஒன்று நடக்கிறது என்றது: ஒருவேளை தன் மாதிரியே ஆகும், ஒருவேளை மாறிவிடும், எந்தச் செல் எப்படிப் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, கூட்டத்தின் சராசரியை மட்டும் சொல்லலாம். கணினியில் அந்தப் பகடையை உருட்டிப் பார்த்து, சோதனையில் வந்த அதே கன்னாபின்னா பரவலைக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் இந்த விவாதம் முடியவில்லை. என் சொந்தக் கருத்து, அவர்களுடைய கட்டுரைகளிலேயே மிக ஆழமானது இதுதான், ஆனால் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

இன்னொன்றையும் விட மனசில்லை. பிறவியிலேயே ரத்தசோகை உள்ள இரண்டு எலி வகைகள் மரபியல்காரர்களிடம் இருந்தன. 'டபிள்யூ' வகை ஒன்று, 'ஸ்டீல்' வகை ஒன்று. வெளியே பார்த்தால் இரண்டுக்கும் ஒரே வியாதி. டில்லும் மெக்கல்லக்கும் தங்கள் மண்ணீரல் எண்ணிக்கையால் அவற்றைச் சோதித்தார்கள். டபிள்யூ எலியின் மஜ்ஜையை நல்ல எலியில் ஏற்றினால் சரியாகப் புடைப்பு வரவில்லை. ஸ்டீல் எலியின் மஜ்ஜையை நல்ல எலியில் ஏற்றினால் நன்றாக வந்தது, நல்ல மஜ்ஜையை ஸ்டீல் எலியில் ஏற்றினால்தான் வரவில்லை. அதாவது ஒன்றில் விதை கெட்டது, மற்றதில் மண் கெட்டது. மூலக்கூறே தெரியாத காலத்தில் போட்ட தீர்ப்பு இது. 1988இல் டபிள்யூ மரபணு, செல்லின் மேல் இருக்கும் 'கிட்' என்ற ஏற்பி என்று தெரிந்தது. 1990இல் ஸ்டீல் மரபணு, அந்த ஏற்பியில் போய்ச் சேரும் புரதத்தை உண்டாக்குவது என்று தெரிந்தது. பூட்டும் சாவியும். கிட் கண்டுபிடிப்பில் பங்குள்ள ஆலன் பெர்ன்ஸ்டீன், டில்லிடம் டாக்டர் பட்டத்துக்குப் படித்தவர்.

சரி, இப்போது கதையின் சங்கடமான பகுதி. அவர்கள் எண்ணியது உண்மையான ஸ்டெம் செல்லையா? முழுக்க இல்லை. 1982இல் ஒரு குழு, எட்டாம் நாள் மண்ணீரலில் தெரியும் புடைப்புகளும் பன்னிரண்டாம் நாள் தெரியும் புடைப்புகளும் ஒன்றே அல்ல என்று காட்டியது. முந்தியவை மறைந்துவிடுகின்றன, பிந்தியவை வேறிடத்தில் புதிதாக முளைக்கின்றன. ஆயுள் முழுக்க ரத்தம் தரும் செல், மண்ணீரலில் புடைப்பு உண்டாக்கும் செல்லுக்கும் ஒரு படி மேலே இருக்கிறது என்பது மெல்லத் தெளிவானது. அந்த 1982 கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் நார்மன் இஸ்கோவ், டில்லும் மெக்கல்லக்கும் வளர்த்த மாணவர். குருவின் கணக்கைத் திருத்தியது குருவின் அளவுகோல்தான்: பார்வையை நம்பாதே, என்ன செய்கிறது என்று பார், மாதக்கணக்கில் காத்திருந்து பார்.

அந்த அளவுகோலை வைத்துத்தான் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் வேலை செய்தார்கள். 1988இல் ஸ்டான்ஃபோர்டில் இர்விங் வைஸ்மன் குழு, செல்லின் மேலுள்ள புரதங்களுக்கு ஒளிரும் எதிர்ப்பொருள் ஒட்டி, எலி மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்களைச் சலித்தெடுத்தது. அந்தச் செல்கள் சுமார் 30 ஏற்றினாலே, சாகவேண்டிய எலிகளில் பாதி பிழைத்தன. டொரோண்டோவிலேயே, பெர்ன்ஸ்டீனிடம் பயிற்சி பெற்ற ஜான் டிக், 1994இல் மனித ரத்தப் புற்று செல்களை எதிர்ப்புச் சக்தியற்ற எலிகளில் ஏற்றி, சுமார் 2,50,000 புற்று செல்லில் ஒன்றுதான் நோயை மறுபடி உண்டாக்குகிறது என்று கணக்குச் சொன்னார். புற்றுக்கும் ஒரு ஸ்டெம் செல் உண்டு என்ற பேச்சு அங்கிருந்து சூடுபிடித்தது. உங்கள் தம்பிக்கு வந்த வியாதியைப் பற்றிய இன்றைய யோசனைகளில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

மெக்கல்லக் பிற்காலத்தில் ரத்தப் புற்றிலேயே மூழ்கினார். டில் புற்றுநோயாளிகளின் வாழ்க்கைத் தரம், மருத்துவ அறம் என்று திரும்பினார். ஆராய்ச்சிக் கட்டுரைகளை எல்லோரும் இலவசமாகப் படிக்க முடிய வேண்டும் என்று முதுமையில் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். 1969இல் கெய்ர்ட்னர் விருது, 2005இல் லாஸ்கர் விருது. நோபல் கிடைக்கவில்லை. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்காக டொனால் தாமஸுக்கு 1990இல் கிடைத்தது, அது நியாயமே. அந்த மஜ்ஜைக்குள் எது வேலை செய்கிறது என்று காட்டியவர்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை, கோபம்தான் இருக்கிறது. மெக்கல்லக் 2011 ஜனவரி 20 அன்று இறந்தார். முதல் கட்டுரையின் ஐம்பதாவது ஆண்டு நிறைய சில நாட்களே இருந்தன.

நம் பக்கத்துச் செய்தி ஒன்று: வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் மஜ்ஜை மாற்று நடக்கிறது. அங்கே அண்மையில், ரத்தம் சரியாக உறையாத பிறவி நோயான ஹீமோஃபீலியா ஏ கடுமையாக உள்ள ஐந்து பேருக்கு, அவர்களுடைய ரத்த ஸ்டெம் செல்லையே எடுத்து, இல்லாத உறைதல் காரணிக்கான மரபணுவைச் சேர்த்து, திருப்பி ஏற்றினார்கள். விதையைத் திருத்தி அதே மண்ணில் நடுவது.

இப்போது உங்கள் பைக்கு வருவோம். உங்களுக்குச் சில நாள் ஊசி போட்டு ஸ்டெம் செல்களை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு இறக்கி, மெஷினில் பிரித்தெடுத்திருப்பார்கள். 'சிடி34 கவுன்ட் நல்லா வந்திருக்கு' என்று யாராவது சொன்னது ஞாபகம் இருக்கலாம். சிடி34 என்பது செல்லின் மேலுள்ள ஒரு புரதம். அது இருக்கும் செல்களை எண்ணுவோம், தம்பியின் எடையில் கிலோவுக்கு இருபது லட்சத்துக்குக் குறையாமல் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் சிடி34 உள்ள செல் எல்லாம் ஸ்டெம் செல் அல்ல, பெரும்பாலானவை அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். எண்ணிக்கை நமக்குத் தருவது ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான்.

அதனால்தான் ஏற்றிய பிறகு வார்டில் தினமும் ரத்தம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். நியூட்ரோபில் என்ற வெள்ளையணு பூஜ்யத்துக்கு இறங்கி, பிறகு தொடர்ந்து மூன்று நாள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்கு மேல் நின்றால், அதில் முதல் நாளை 'என்கிராஃப்ட் ஆன நாள்', அதாவது ஏற்றிய செல் வேரூன்றிய நாள், என்று எழுதுவார்கள். ஒரு மாதம் கழித்துச் 'சிமெரிசம்' என்று ஒரு பரிசோதனை செய்திருப்பார்கள். தம்பியின் ரத்த அணுக்களில் இருப்பது உங்கள் டிஎன்ஏவா அவருடையதா என்று அது பார்க்கும். பெக்கர் தழும்புள்ள குரோமோசோமைத் தேடினார், ஆய்வகத்தில் நாங்கள் உங்கள் டிஎன்ஏ அடையாளத்தைத் தேடுகிறோம். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள், இரண்டும் அதில் தேதியோடு இருக்கும். டாக்டரால் மைக்ராஸ்கோப்பில் காட்ட முடியாத செல், அந்தத் தேதிகளில்தான் தன்னைக் காட்டியிருக்கிறது.